அடுக்ககத்துக்குப் பொதுவாக சோலாரும் பேட்டரியும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சென்னை பள்ளிக்கரணை பக்கம் 40 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தரைத்தளத்தில் இருந்த ஜெனரேட்டர் தண்ணீருக்குள். இரண்டாம் மாடிப் பாட்டியின் ஆக்சிஜன் மெஷினுக்காகப் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை இருட்டில் படியேறித் தூக்கிப் போனோம். அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

அதிலிருந்துதான் மொட்டைமாடியில் பொது சோலார், பேட்டரி, வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று பதியும் மீட்டர்) என்ற பேச்சு. குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்றிய அரசு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். நம் சோலார் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! அதனால் புயலுக்கு உதவ வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும், அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

என் பயமெல்லாம் பராமரிப்பில்தான். பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014-இல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் (ஊருக்குள்ளேயே கரண்ட் தயாரித்து வீடுகளுக்குக் கொடுக்கும் சிறு மின் அமைப்பு) அமைத்தார்கள். அப்புறம் மலிவான அரசு மின்சாரம் வந்தது, பேட்டரிகள் ஓய்ந்தன, சில வருடங்களில் எல்லாம் முடங்கிப்போனது.

உங்கள் அடுக்ககத்தில் யாராவது செய்திருக்கிறீர்களா? பேட்டரி மாற்றும் செலவுக்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன பங்கு? இன்னொன்று, வீடு பூட்டிக் கிடக்கும் நேரத்தைக்கூட மீட்டர் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதை யார் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒப்பந்த நகல் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த ஞாயிறு எங்கள் சங்கக் கூட்டம்.