கையைக் கடிக்காமல், நிம்மதியாகப் பேசிக்கொண்டே இரவுச் சாப்பாடு: நடக்கிற காரியமா?

பால்கனிக்காரன்:
மாதத்தில் இரண்டு முறை நானும் மனைவியும் வெளியே சாப்பிடுகிறோம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் விலை கட்டுப்படியாகும் இடங்களில் ஒரே இரைச்சல். அமைதியான இடத்திலோ பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள்?

கணக்கர்:
நேராகவே சொல்கிறேன், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. சில வருடம் ஓர் உணவகத்துக்குக் கணக்கு எழுதினேன். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும் சம்பளமும் மாறாது. விலையைக் குறைத்து விற்கிற கடை, ஒரே மேசையில் ஒரு மாலைக்குள் மூன்று நான்கு தடவை ஆட்களை மாற்றி உட்கார வைத்தால்தான் பிழைக்கும். நீங்கள் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்கு நஷ்டம். நல்ல சூழல் என்று நீங்கள் சொல்வது இடமும் நேரமும்தான். அதற்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும்.

சந்துவாசி:
கணக்கு சரி, முடிவைத்தான் ஏற்க மாட்டேன். வாடகை எல்லா இடத்திலும் ஒன்றா? பெரிய சாலையைப் பார்த்த கடையை விட்டு இரண்டு திருப்பம் உள்ளே போங்கள், அல்லது மாடியில் இருக்கும் கடையைப் பாருங்கள். பெரும்பாலும் வாடகை குறைவாக இருக்கும், வாகனச் சத்தமும் குறையும். மெனு சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. சரக்கு வீணாவது குறைவதால் விலையைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

அப்புறம் சூழல் என்றதும் எல்லோரும் அலங்காரத்தையே நினைக்கிறார்கள். எனக்கு எதிரே இருப்பவரின் குரல் கேட்டால் போதும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம், பக்கத்து மேசையும் உயர்த்துகிறது. இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். 1911-இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் விவரித்தது. கண்ணாடிச் சுவர், வழுவழுப்பான தரை, உயரமான வெற்றுக் கூரை மூன்றும் சேர்ந்தால் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். துணித்திரை, மெத்தை வைத்த இருக்கை, புத்தக அலமாரி இருந்தால் அடங்கும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. விலை அதிகமான பல இடங்களில் இரைச்சல் இன்னும் மோசம்.

அப்பாவோடு வருபவள்:
இதை நான் அனுபவத்தில் சொல்வேன். என் அப்பா காதுக்கருவி வைத்திருக்கிறார். போன வருடம் அவர் பிறந்தநாளுக்கு அழகான, விலை அதிகமான ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனோம். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே மேசை. அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தையும் அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். இப்போது முன்கூட்டியே போன் செய்து சுவரோரமான மூலை மேசை கேட்கிறேன். சமையலறைக் கதவும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நன்றாகக் கேட்கிறது.

கணக்கர்:
உங்கள் அப்பா விஷயம் மனதைத் தொட்டது. சத்தத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்துக்குள் இருக்கும் நல்ல கடை ஆறு மாதத்தில் பிரபலமாகிவிடும். அப்புறம் மேசைகளை நெருக்கிப் போடுவார்கள், விலையும் ஏறும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சந்துவாசி:
அதனால்தான் நாளையும் நேரத்தையும் மாற்றச் சொல்கிறேன். வாரத் தொடக்கத்தில், கூட்டம் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். மேசை எப்படியும் காலியாகத்தான் கிடக்கும், நீங்கள் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. இது உங்கள் கணக்கின்படியே வருவதுதான்.

கணக்கர்:
வார நாளில் அது பலிக்கும், சரி. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு வார இறுதிதானே மிச்சம்? அவர்களுக்கு என் பதில் மாறவில்லை. அடிக்கடி போகாமல், மாதம் ஒரு முறை கூடுதலாகச் செலவழித்து நன்றாகச் சாப்பிடுங்கள்.

பால்கனிக்காரன்:
எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தோதுப்படும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாடிக் கடையை இத்தனை நாள் கவனித்ததே இல்லை. இன்று படியேறிப் பார்த்தேன். எட்டு மேசை, ஜன்னலுக்குத் திரை, பாட்டு இல்லை. செவ்வாய் ஏழு மணிக்கு மூலை மேசை சொல்லி வைத்திருக்கிறேன்.