ஸ்ட்ரிப் நெகட்டிவ், கிரியேட்டினின் 2.1: சலப் பரிசோதனையில் உங்களுக்கு மறக்காதது எது?

தம்பலகாமம்:
பதவி சிறிபுரப் பக்கத்து வயற்காரர், 46 வயது. ஆய்வுக்கான ஸ்கிரீனிங். ஸ்ட்ரிப்பில் (சலத்தில் தோய்த்து நிறம் பார்க்கிற பட்டி) புரதக் கட்டம் 60 செக்கன் ஆகியும் மஞ்சள்தான், பச்சை துளிகூட இல்லை. "சுகதேகி" என்று பதிவு போயிட்டுது. பின்னேரம் வந்த இரத்த ரிப்போட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1, கூடுதல். அந்த மஞ்சள் கட்டம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் முதலில் அரிக்கிறது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை, வடிகட்டியை இல்லை. ஸ்ட்ரிப் பிடிக்கிறதோ வடிகட்டி பழுதானால் ஒழுகிற அல்புமின் என்ற புரதத்தை. வடமத்திய மாகாணத்தையும் அதன் எல்லைக் கிராமங்களையும் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பிச் சலிச்சால் ஆக்கள் தப்பிப் போவினம்.

உப்புவெளி:
ஸ்ட்ரிப்பைக் குறை சொல்ல முதல் அது இருந்த போத்தலைப் பாருங்கோ. குச்சவெளிப் பக்கம் ஒரு நடமாடும் கிளினிக்கில் காலமை வந்த 11 பேருக்கும் நைட்ரைட் கட்டம் (சலத்தில் கிருமி இருந்தால் நிறம் மாறுவது) ரோஸ் நிறம். ஒருத்தருக்கும் சலத்தில் வெண்குருதிக் கலம் இல்லை, சலக்கடுப்பும் இல்லை. போத்தல் மூடி விடியத் தொடங்கித் திறந்தபடி, கடற்காற்று. ஈரக்காற்றுப் பட்ட ஸ்ட்ரிப் நைட்ரைட்டைப் பொய்யாகக் காட்டும்.

ஒன்றை எடுத்த கையோடு மூடுங்கோ. உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிய வேண்டாம். திறந்த திகதியை போத்தலிலேயே எழுதுங்கோ. ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, வான் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழேயும் கூடாது, 30 பாகைக்கு மேலே போனாலே கெடும். சலத்தை 2 மணித்தியாலத்துக்குள் பாருங்கோ, இல்லையென்றால் ஐஸ் பெட்டி. குளிர்ந்த சலத்தில் ஸ்ட்ரிப்பைத் தோய்க்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுக் கலக்குங்கோ. குளுக்கோஸ் 30 செக்கன், புரதம் 60, வெண்குருதிக் கலம் 120. எல்லாத்தையும் ஒரே பார்வையில் வாசிக்கிறது பிழை. விற்றமின் சி குளிசை போட்டவருக்கு இரத்தமும் குளுக்கோஸும் இருந்தாலும் இல்லை என்று வரும், அதையும் கேட்டு எழுதுங்கோ.

கன்னியா:
தம்பலகாமம் சொல்ற குழாய்ச் சேதத்துக்கு பீற்றா-2 மைக்ரோகுளோபுலின் (குழாய் பழுதானால் சலத்தில் கூடுகிற சின்னப் புரதம்) கிட் இருக்குதே, போதாதா?

தம்பலகாமம்:
போதாது. சலத்தின் பிஎச் (அமில அளவு, குறையக் குறைய அமிலம் கூட) 6க்குக் கீழே போனால் பீற்றா-2 சிதையும், அதுவும் சலப்பைக்குள்ளேயே. வெயிலில் வேர்த்த வயற்காரரின் சலம் அமிலமாகத்தான் வரும். வந்த பிறகு காரம் சேர்த்துப் பிரயோசனமில்லை. அதே மாதிரிச் சின்னப் புரதமான ஆல்பா-1 மைக்ரோகுளோபுலின் அமிலத்தைத் தாங்கும், அதைத்தான் கேளுங்கோ. கிரியேட்டினினால் வகுத்து எழுதாவிட்டால் தண்ணி குடிச்ச அளவுக்கு இலக்கம் ஆடும். உப்புவெளி சொன்ன போத்தல் பிரச்சினை உண்மை, ஆனால் அந்த மஞ்சள் கட்டம் போத்தலால் வந்ததில்லை. புதுப் போத்தலிலும் திரும்பப் பார்த்தது, அதே மஞ்சள்.

மூதூர்க்கரை:
கொட்பே மீனவர் ஒருவர் 24 மணிநேரச் சலத்தைச் சேர்த்த பிளாஸ்ரிக் கான். மொத்தம் 600 மில்லிலீற்றர், கிரியேட்டினின் 480 மில்லிகிராம், ஆள் 70 கிலோ. நடுத்தர வயசு ஆம்பிளைக்கு கிலோவுக்கு ஏறத்தாழ 15 தொடங்கி 20 மில்லிகிராம் வரவேணும், அதாவது 1000க்கு மேலே. இது பாதியும் இல்லை. விசாரிச்சால் வீட்டில் போனதெல்லாம் கானுக்குள், இரவு வள்ளத்தில் போனதெல்லாம் கடலுக்குள். புரத இலக்கம் குறைவாக வந்து "நல்லா இருக்குது" என்று எழுதப்பட இருந்தது. முதல் காலைச் சலத்தைக் கொட்டி நேரம் குறிக்கச் சொன்னால் மட்டும் காணாது, மறுநாள் அதே நேரம் வரைக்கும் ஆள் எங்கே இருப்பார் என்று கேக்கவேணும். கடலுக்குப் போறவருக்கு விடியக்காலை முதற் சலத்தில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் எடுங்கோ. கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் திரும்பவும் எடுங்கோ, மூன்று மாதம் தாண்டியும் அப்படியே நின்றால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று எழுதலாம். காய்ச்சலோ கடும் வேலையோ இருந்த நாள் கணக்கில்லை.

கன்னியா:
உறைய வைக்கிற சாம்பிள்? எங்கட பெட்டி மைனஸ் 20 தான்.

மூதூர்க்கரை:
மைனஸ் 20இல் மாதக்கணக்காக வைச்சால் அல்புமின் குறைஞ்சு காட்டும். ஆய்வுக்கு என்றால் மைனஸ் 80, சின்னக் குப்பிகளாகப் பிரிச்சு. ஒரே குப்பியை இரண்டாம் தரம் உருக்காதேங்கோ.