ரெண்டு நாள் ஊருக்கு போறோம், குடும்பத்தையும் சாப்பாட்டையும் போட்டோ எடுக்க எந்த லென்ஸ்?

கட்டெறும்பு:
வணக்கம் மக்களே. வர்ற வீக்கெண்ட் குடும்பத்தோட ஊருக்கு போறோம், ரொம்ப நாளைக்கு அப்புறம் எல்லாரும் ஒண்ணா சேர்றோம், பாட்டி, அப்பா அம்மா, அக்கா வீட்டு வாண்டுங்கன்னு வீடே நிரம்பிடும். என்கிட்ட ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேம விட சின்ன சைஸ்) கேமரா ஒண்ணு இருக்கு, அதோட வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் ஆசைப்பட்டு வாங்கின 50 எம்எம் எஃப் 1.8. வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மிதான். சமையல் நடக்குறது, எல்லாரும் உக்காந்து சாப்பிடுறது, பசங்க ஓடுறது எல்லாம் நல்லா வரணும். எதை கொண்டு போறது, இல்ல போனே போதுமா?

இன்னொண்ணு, கேமராவ தூக்கினாலே எங்க பாட்டி பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி விறைச்சுக்குவாங்க. அம்மா ஒரு பக்கம் "ஆறிப்போகுது, முதல்ல சாப்பிடுடா"ன்னு சத்தம் போடுவாங்க. இதுக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க.

வெளிச்சம்தேடி:
ரெண்டு லென்ஸையும் எடுத்துட்டு போங்க ப்ரோ, வெயிட்டே இல்லாத லென்ஸ்தானே. ஆனா 50ஐ மட்டும் நம்பி போகாதீங்க, உங்க சின்ன சென்சார்ல அது 75, 80 எம்எம் மாதிரி வேலை செய்யும், அதாவது இன்னும் கிட்ட இழுத்து காட்டும், சின்ன ரூம்ல முதுகு செவுத்துல முட்டினாலும் நாலு பேருக்கு மேல ஃப்ரேம்ல வரமாட்டாங்க. கூட்டமா இருக்கும்போது கிட் லென்ஸ 18லயே வெச்சு எடுங்க, எம்எம் குறைஞ்சா அகலமா தெரியும், அங்கதான் எஃப் 3.5 கிடைக்கும், 55க்கு ஜூம் பண்ணா 5.6 ஆயிடும் (எஃப் நம்பர் குறைய குறைய வெளிச்சம் அதிகமா உள்ள வரும்). பாட்டி முகம், சமைக்கிற கை, தூங்குற குழந்தை இதுக்கெல்லாம் 50. எஃப் 5.6க்கும் 1.8க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட 10 மடங்கு வித்தியாசம், சாயங்காலத்துக்கு மேல அது பெரிய விஷயம்.

செட்டிங்ஸ் ரொம்ப யோசிக்காதீங்க. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுட்டு (வெளிச்சம் கம்மியானா படத்த பிரகாசமாக்குற அளவ கேமராவே கூட்டிக்கும்) ஷட்டர் ஸ்பீட் உக்காந்திருக்கிறவங்களுக்கு 1/125 செகண்ட், ஓடுற பசங்களுக்கு 1/250க்கு கீழ போகாம பாத்துக்குங்க. ஐஎஸ்ஓ 3200, 6400 போனாலும் பரவால்ல, புள்ளி புள்ளியா தெரியுறத அப்புறம் குறைச்சுக்கலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு அசட்டையா இருக்காதீங்க, அது நம்ம கை நடுக்கத்துக்குத்தான், குழந்தை ஓடுறத நிறுத்தாது. கேமரா மேல இருக்கிற ஃப்ளாஷ அணைச்சு வெச்சிடுங்க, நேரா அடிச்சா எல்லாரும் திருடன் பிடிபட்ட மாதிரி இருப்பாங்க.

பழையரோல்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் இருந்தா பாதி நேரம் கேமராவ பையிலயே வெச்சிருப்பேன். பாட்டிக்கு போன்னா பயமில்ல, நீங்க எப்பவும் கையில வெச்சிருக்கிறதுதானே. போன்ல ஒண்ணு கவனிங்க, மெயின் கேமரா 24, 26 எம்எம் அளவு வைடு, பக்கத்துல போய் முகத்த எடுத்தா மூக்கு பெருசாயிடும், ஓரத்துல நிக்கிறவங்க இழுத்து விட்ட மாதிரி வருவாங்க. 2எக்ஸ் போட்டு ரெண்டடி பின்னாடி போங்க. போர்ட்ரெய்ட் மோட் கணக்கு போட்டு மங்கலாக்குறது, முடி ஓரத்துலயும் கண்ணாடி பிரேம்லயும் சொதப்பும்.

விறைச்சுக்கிறவங்கள "சிரிங்க"ன்னு சொன்னா இன்னும் விறைப்பாங்க. ஏதாவது வேலை கொடுங்க, இல்ல பழைய கதை ஒண்ண கேளுங்க. கதை சூடு பிடிக்கிற வரைக்கும் கேமராவ தூக்காதீங்க, பேச்சுல முழுசா போனப்புறம் ரெண்டு மூணு எடுத்துட்டு கீழ வெச்சிடுங்க. மதியம் உச்சி வெயில்ல வெளிய நிக்க வெச்சு எடுக்காதீங்க, கண்ணுக்கு கீழ கருப்பா குழி விழும். வாசல்ல நிழல் முடியுற இடத்துக்கு கொஞ்சம் உள்ள, வெளிப்பக்கம் பாத்து உக்கார வெச்சா போதும்.

கட்டெறும்பு:
செம, ரெண்டு பேருக்கும் நன்றி. 50 உள்ள பத்தாதுன்னு நினைக்கவே இல்ல. சாப்பாடு பத்தி யாரும் சொல்லலையே? எங்க வீட்டு லைட்ல எடுத்தா எல்லாமே ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் நீலமா வருது, ஆவி பறக்குறதும் தெரியவே மாட்டேங்குது.

சமையக்கட்டு:
அது ரெண்டு வெளிச்சம் கலக்குறதால வர்றது. ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு, குறைஞ்சா மஞ்சள், கூடினா நீலம்) பக்கம், மஞ்ச பல்பு 2700, 3000 இருக்கும், கேமரா எதை வெள்ளைன்னு எடுத்துக்கும் பாவம். பகல்ல லைட்ட அணைச்சுட்டு ஜன்னல் பக்கத்துல வெச்சு எடுங்க, ராத்திரின்னா ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். ஆவி தெரியணும்னா வெளிச்சம் தட்டுக்கு பின்னாடியிலருந்தோ பக்கவாட்டுலருந்தோ வரணும், அதுக்கு பின்னாடி ஏதாவது இருட்டா இருக்கணும். முன்னாடியிலருந்து வெளிச்சம் அடிச்சா ஆவி காணாம போயிடும்.

ஆனா அம்மா சொல்றதுதான் சரி தம்பி. பரிமாறினப்புறம் எல்லாரையும் "தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு நிறுத்தி வெக்கிறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, பசியில இருக்கிறவங்க மூஞ்சியும் நல்லா இருக்காது. சமையல் நடக்கும்போதே எடுத்துடுங்க, நறுக்குறது, கிளறுறது, ருசி பாத்துட்டு முகத்த சுளிக்கிறது, அதுலதான் உயிர் இருக்கு. தட்டு படம் வேணும்னா பரிமாறுறதுக்கு முன்னாடி ஒரு தட்ட ஜன்னல்கிட்ட கொண்டு போய் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டு அதையே நீங்க சாப்பிடுங்க. பந்தி நடக்கும்போது மேல ஒரு ஸ்டூல்ல ஏறி எல்லாரையும் சேத்து ஒரே ஒரு படம், அதோட கேமராவுக்கு லீவு.

பழையரோல்:
குரூப் போட்டோ மறந்துட்டோம். ரெண்டு வரிசை நின்னா 1.8ல எடுக்காதீங்க, பின் வரிசை மங்கிடும், 5.6 வெச்சுக்கோங்க. கேமராவ ஏதாவது மேல நிறுத்தி 10 செகண்ட் டைமர் போட்டு நீங்களும் போய் நில்லுங்க, நம்மள மாதிரி ஆளுங்க எந்த ஆல்பத்துலயும் இருக்க மாட்டோம். யாராவது கண்ண மூடுவாங்க, அதனால தொடர்ந்து அஞ்சாறு ஷாட் விழுற மாதிரி செட் பண்ணுங்க.

அப்புறம் வீட்ல பழைய ஆல்பம் இருந்தா அதையும் போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க. ஜன்னல் பக்கத்துல நேர் வெயில் படாம தரையில வெச்சு, ஃப்ளாஷ் இல்லாம, லென்ஸ் படத்துக்கு நேரா இருக்கிற மாதிரி எடுங்க. பாட்டிய பக்கத்துல உக்கார வெச்சு யார் யாருன்னு சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்ட் போட்டுடுங்க, விறைப்பும் அப்பவே போயிடும்.

கட்டெறும்பு:
ஆல்பம் ஐடியா சூப்பர், இது தோணவே இல்ல. திரும்பி வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுறேன்.

வெளிச்சம்தேடி:
குரூப்ல சாதாரணமா அனுப்பினா படத்த நசுக்கிடும் ப்ரோ, பிரிண்ட் போட ஆசைப்படுறவங்களுக்கு டாக்குமெண்ட்டா அனுப்புங்க. கார்ட ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காப்பி இருக்கான்னு பாத்துட்டு பண்ணுங்க. எக்ஸ்ட்ரா பேட்டரி இருக்கா?