யானை பெருகிப்போச்சா? கோவை தடாகம் வீதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலை

செல்வி: எல்லாரும் எழுந்தாச்சா? ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கள் மாட்டுச் சாளையில் யானை. தகரக் கதவை நெளித்து, தவிட்டு மூட்டையை வெளியே இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விடியும்வரை யாரும் வெளியே வராதீங்க.

மணி: ஒத்தையா, கூட்டமா அக்கா?

செல்வி: ஒத்தைக் கொம்பன்தான். பக்கத்திலேயே புண்ணாக்கு மூட்டை, தொடக்கூட இல்லை. தவிடுதான் வேணுமாம் சாமிக்கு.

துரைசாமி: என் சோளக்காட்டில் போன வாரம் நாலு இறங்கியது. கேட்க நாதியில்லை. யானை பெருகிப்போச்சு, அவ்வளவுதான் விஷயம்.

கல்பனா: எனக்கு வந்த பார்வேர்டில் உலகத்தில் யானையே இனி இருக்காது, பத்துப் பேருக்கு அனுப்பு என்று இருக்கிறதே?

மணி: ஒருத்தர் பெருகிப்போச்சு என்கிறார், ஒருத்தர் அழிஞ்சுபோச்சு என்கிறார். ரேவதி டீச்சர் எங்கே?

ரேவதி: பால் அடுப்பில் இருந்தது, இப்போதான் பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் சுமார் 4,15,000 என்பது 2016 கணக்கு. ஆசியா முழுக்கச் சேர்த்தாலும் ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் வரும். அதில் ஏறக்குறைய பாதி நம் நாட்டில். சாணத்திலிருந்து மரபணு எடுத்துக் கணக்கிட்டு 2025இல் வெளியிட்டார்கள்: இந்தியாவில் 22,446, தமிழ்நாட்டில் 3,136.

துரைசாமி: முன்னால் 27,000 என்று படித்தேனே அம்மிணி.

ரேவதி: 2017இல் 27,312ங்க அண்ணா. அது வேறு முறையில் எடுத்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஐயாயிரம் செத்துப்போச்சு என்று சொல்ல முடியாது.

கல்பனா: தந்தத்துக்காகக் கொல்வதுதானே காரணம்?

ரேவதி: ஆப்பிரிக்காவில் அது பெரிய அடி. அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு, அதனால் கூட்டத்தோடு சுட்டார்கள். மொசாம்பிக்கில் கோரோங்கோசா என்று ஒரு காடு. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் தந்தமுள்ளதை எல்லாம் சுட்டுத் தள்ள, தந்தமே இல்லாத பெண் யானைகள் தப்பித்தன. அப்புறம் பிறந்த பெண் குட்டிகளிலும் பலவற்றுக்குத் தந்தம் இல்லை. அதே கண்டத்தில் போட்ஸ்வானாவில் மட்டும் சுமார் 1,30,000 இருக்கிறது. அந்த ஊர் விவசாயிகள் நம்ம துரைசாமி அண்ணா மாதிரிதான் பேசுவார்கள். 2019இல் அரசு வேட்டைத் தடையையே நீக்கிவிட்டது.

மணி: நமக்கு ஒண்ணுக்கே தூக்கம் போச்சு 😄

ரேவதி: நம் பக்கம் தந்தத்தைவிடக் கரண்ட்தான் எமன். நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 2019-20 முதல் 2023-24 வரை நாடு முழுக்க மின்சாரம் தாக்கி 392 யானை, ரயில் மோதி 73, வேட்டையில் 50.

துரைசாமி: வேலியில் திருட்டுக் கரண்ட் விடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தீனிக்குள் வெடிமருந்து மறைத்து அவுட்டுக்காய் வைக்கிறவனுக்கும்தான். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. பாவம். ஆனால் சோளம் போட்டவன் வயிற்றையும் யாராவது பார்க்கணும்ல?

மணி: அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் வரவழைத்ததும் நாமதான். சூளை ஓடிய காலத்தில் செங்கல் வேக வைக்கப் பனைமரம் லாரி லாரியாக வந்து இறங்கும். மரத்துக்குள் இருக்கும் மெதுவான பனஞ்சோறு தின்னத்தான் யானை சூளை வரைக்கும் பழகியது. செம்மண் வெட்டிய பள்ளம் வேறு, அதைச் சுற்றித்தான் அது போகணும். 2021இல் சூளைகளை மூடினார்கள், பள்ளம் மூடவில்லையே.

செல்வி: சாளைக்குப் பின்னால் சாணி போட்டிருக்கிறது. அதில் பால் கவர் ஒன்று முழுசாக இருக்கிறது.

ரேவதி: 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்ததே, அதன் வயிற்றிலும் பிளாஸ்டிக். வயிற்றில் குட்டியும் இருந்தது.

கல்பனா: எங்கள் அபார்ட்மென்ட் குப்பை காம்பவுண்டுக்கு வெளியேதான் கிடக்கிறது. இன்றைக்கே பேசுகிறேன்.

துரைசாமி: வால்பாறையில் என் மருமகன் எஸ்டேட்டில் இருக்கிறார். அங்கே யானை பக்கத்தில் இருந்தால் போனுக்குச் செய்தி வரும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஆட்கள் அந்த வழியாகவே போக மாட்டார்கள்.

மணி: மதுக்கரையிலும் இப்போது அப்படித்தான். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ஒரே ரயிலில் மூணு யானை அடிபட்டுச் செத்தது. 2024இல் தண்டவாளம் ஓரமாக 12 கோபுரம், வெப்பத்தை வைத்து இருட்டிலும் யானையைக் காட்டும் கேமரா. ரயில் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். நம் வீதிக்குக் கோபுரம் யார் தரப்போகிறார்கள், இந்தக் குழுதான் சிவப்பு விளக்கு. ராத்திரி பத்துக்கு மேல் குட் நைட் படம் போடுகிறவரை நீக்கிவிடுவேன்.

செல்வி: எல்லாம் சரி, மிச்சத் தவிட்டை எங்கே வைப்பது? வீட்டுக்குள் வைத்தால் சுவரை இடிக்குமே.

துரைசாமி: மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, அனுப்புகிறேன். ரெண்டு நாளுக்கு ஆகிறதை மட்டும் வாங்கி வைங்க. கதவைப் போட்டோ எடுத்துக்கங்க, நிவாரணத்துக்கு மனு போடலாம். சிட்டா நகலும் கேட்பார்கள்.

செல்வி: தகரக் கதவுக்குச் சிட்டாவா?!