ஸ்ரீபெரும்புதூரில் செய்த ஐபோன் அமெரிக்காவில் மலிவு, அக்காவிடம் சொல்லி வரவழைக்கலாமா? (2024 செப்டம்பரில் நடந்த பேச்சு; விலை, வரி, விதி எல்லாம் அப்போதையவை)

கோத்தகிரி தூள் வியாபாரி:
இந்த மாதம் வந்த ஐபோன் 16 வாங்கலாம் என்று இருக்கிறேன். இங்கே 79,900. அமெரிக்காவில் 799 டாலர், டாலர் 84 என்று வைத்தால் 67,100தான் வருகிறது. எரிச்சல் என்னவென்றால் அந்த போனைப் பாகம் சேர்த்துப் பூட்டுவதே ஸ்ரீபெரும்புதூரில். நம் மாநிலத்தில் செய்து விமானம் ஏறிப் போன சாமான் அங்கே மலிவு, செய்த இடத்தில் விலை கூட, இது என்ன நியாயம்? அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள், பொங்கலுக்கு வருகிறாள், வாங்கி வரச் சொல்லலாமா? துபாயில் இன்னும் குறைவு என்கிறார்களே, அது உண்மையா? 16 ப்ரோ மீதும் ஒரு கண் இருக்கிறது. தேயிலைத் தூள் மொத்த வியாபாரம், ஆபீஸ் முழுக்க போனில்தான் ஓடுகிறது.

கூடலூர்க்காரன்:
துபாய் கதையை நான் சொல்கிறேன், எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் ஒருத்தராவது வளைகுடாவில் இருக்கிறார். அங்கே 16 விலை 3,399 திர்ஹாம். நம் காசில் 77,700. இரண்டாயிரம் மிச்சம், அவ்வளவுதான்! இதற்காக மச்சானிடம் கடன்பட வேண்டாம். அங்கே கட்டும் 5 சதவீத வாட் வரி திரும்பக் கிடைப்பது சுற்றுலா போகிறவர்களுக்குத்தான், அங்கேயே விசாவில் வேலை பார்ப்பவருக்கு இல்லை. ப்ரோ மட்டும் 4,299 திர்ஹாம், சுமார் 98,300, இங்கே 1,19,900. அதில் ஆசைப்பட்டால் அர்த்தம் உண்டு.

குன்னூர் கணக்கு:
நண்பரே, 79,900 என்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை. 799 டாலர் வரி சேராத விலை, அங்கே பில் போடும்போதுதான் வரியைச் சேர்ப்பார்கள். 79,900ஐ 1.18ஆல் வகுத்துப் பாருங்கள், 67,700 வரும். ஆக வித்தியாசம் அறுநூறு ரூபாய். ஏற்றுமதிச் சரக்கின் மேல் ஜிஎஸ்டி நிற்காது, கட்டியிருந்தாலும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அதனால் ஸ்ரீபெரும்புதூர் போன் நம் வரியைச் சுமக்காமல்தான் விமானம் ஏறுகிறது. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம், அக்காவுக்கு 852 டாலர் ஆகும், அதாவது 71,500 சொச்சம். பக்கத்து டெலவேரில் விற்பனை வரியே கிடையாது, அவர் அந்தப் பக்கம் போகிறவர் என்றால் லாபம்.

ப்ரோ விஷயம் வேறு. ஜிஎஸ்டியைக் கழித்தாலும் இங்கே 1,01,600, அங்கே 999 டாலர், அதாவது 83,900. வெளிநாட்டிலிருந்து இறக்கும் போனுக்கான சுங்க வரியை இந்த ஜூலை பட்ஜெட்டில்தான் 20 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். ஆனால் 83,900 மேல் அந்த 15ஐயும் அதன் மேல் வரும் சர்சார்ஜையும் சேர்த்து 16.5 சதவீதம் போட்டாலும் 97,700தான் வருகிறது, மீதி நாலாயிரம் எங்கிருந்து வந்தது? இந்த ஊரில் இவ்வளவு சொன்னாலும் வாங்குவார்கள் என்று கம்பெனி வைக்கிற விலைதான், வேறென்ன.

விமான நிலையத்தையும் மறக்காதீர்கள். பயணிகள் கொண்டுவரும் சாமானுக்கான 2016 பேக்கேஜ் விதிப்படி 50,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 38.5 சதவீதம். நியூ ஜெர்சி வரியோடு ப்ரோ 89,500 ஆகும், சுங்கம் 15,200, மொத்தம் 1,04,700. பதினைந்தாயிரம் மிச்சம்.

கடைசியாக ஒன்று. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? தொழிலுக்கான போன் என்றால் பில்லில் உங்கள் எண்ணைப் போட்டு வாங்கி, சாதா 16 விலையில் இருக்கும் ஜிஎஸ்டி 12,188 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்போது அக்கா வாங்கி வருவதைவிட இங்கேயே மலிவு.

ஊட்டி போன் ரிப்பேர்:
எல்லாரும் காசையே பேசுகிறீர்கள். ஐபோன் 14லிருந்து அமெரிக்க மாடலில் சிம் போடும் இடமே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இ-சிம் மட்டும்தான். பக்கவாட்டில் சிம் தட்டு வர வேண்டிய இடம் வழவழவென்று இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த போனைக் கொண்டுவந்து ஊசியால் எங்கே குத்துவது என்று கேட்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நம் மலையில் ஒரு வளைவில் ஒரு சிம் எடுக்கும், அடுத்த எஸ்டேட்டில் அது செத்துப்போய் வேறொன்று எடுக்கும். சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய தொல்லை. டிஸ்ப்ளே போனால் எப்படியும் மேட்டுப்பாளையம் இறங்கி கோவைதான், ஒரு நாள் பிழைப்பு போச்சு. வெளிநாட்டு மாடலுக்குப் பாகம் உண்டா, வாரண்டியில் எடுப்பார்களா என்று மாடல் எண்ணைச் சொல்லி முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி தூள் வியாபாரி:
பதிவு இருக்கிறது சார், அந்த யோசனையே வரவில்லை. எனக்கு ரெண்டு சிம், ஒன்றை அவ்வப்போது மாற்றிப் போடுகிறவன், அதனால் அமெரிக்க போன் வேண்டாம். சாதா 16 போதும். ஜிஎஸ்டி எண்ணை போன் கடையில் எப்போது கொடுப்பது?

குன்னூர் கணக்கு:
பணம் கட்டும் முன்பே. பில் அடித்த பிறகு திருத்தித் தருவதற்குள் உங்களை அலைய விடுவார்கள். பில் உங்கள் சொந்தப் பேரில் இல்லாமல் ஜிஎஸ்டி பதிவில் உள்ள உங்கள் வியாபாரத்தின் பேரில் இருக்கட்டும், அடுத்த மாத நடுவில் ஜிஎஸ்டி தளத்தில் அந்தப் பில் ஏறியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.