எலுமிச்சைச் செடியில் கூட்டுப்புழு கறுத்துவிட்டது: இறந்துவிட்டதா?

காட்பாடி மாடி:
வணக்கம். தொட்டி எலுமிச்சையில் இருந்த 3 வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கூடாகிவிட்டன. ஒன்று பச்சை, இரண்டு பழுப்பு. 9ஆம் நாள் பழுப்பில் ஒன்று கறுத்துவிட்டது. இன்னொன்று பிடி விட்டுக் கீழே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

எருக்கம்பூ:
நிறம் வேறானாலும் இனம் ஒன்றுதான், எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. பச்சைத் தண்டில் கட்டினால் பெரும்பாலும் பச்சை, காய்ந்த சொரசொரப்பான இடத்தில் பழுப்பு.

கறுத்த கூட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கைப் பக்கம் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. ஓடு கண்ணாடிபோல் ஆகி உள்ளிருக்கும் இறக்கை தெரிகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளிவரும். புள்ளியே இல்லாமல் கறுத்து, கொழகொழவென்று நீர் கசிந்தால் நோய். அதை உடனே அப்புறப்படுத்தி, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் குளவி. ஓடு இறுகுவதற்கு முன்பே உள்ளே முட்டையிட்டிருக்கும், ஒரே கூட்டிலிருந்து டஜன் கணக்கில் பொடிக் குளவிகள் கிளம்பும்.

ஜவ்வாது அடிவாரம்:
விழுந்த கூட்டை நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். கோணித் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து அதன் அடியில் கிடத்துங்கள். வெளிவந்ததும் பூச்சி ஏறித் தொங்க வேண்டும். தொங்கியபடிதான் உடல் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் ஏற்றி விரிக்கும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் பிடிக்காமல் விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே இறுகிவிடும், பிறகு சரியாகாது. கீழே சிந்தும் கலங்கிய நீர் கழிவுதான், பயப்பட வேண்டாம்.

நம்ம வேலூர் கத்திரி வெயிலில் மூடிய டப்பாவை மாடியில் விடவே கூடாது. மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டி நிழலில் வையுங்கள்.

காட்பாடி மாடி:
புள்ளி தெரிகிறது! மிக்க நன்றி. கொழுந்தில் புது முட்டைகளும் இருக்கின்றன. முழங்கால் உயரக் கன்று தாங்குமா?

எருக்கம்பூ:
2 புழுக்களுக்கு மேல் விடாதீர்கள். தாய்ப்பூச்சி முன்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்துத்தான் ஒவ்வொன்றாக இடுகிறது. இணை சேர்ந்தபோது பெற்ற விந்துவை உடலுக்குள் சேமித்துவைத்து, இடும் நேரத்தில்தான் கருவுறச் செய்யும். முட்டை சுமார் 3, 4 நாளில் பொரியும். புழு தோலுரித்து வளரும் பருவங்களில் முதல் 4இலும் பறவை எச்சம்போல் இருக்கும், தீனி குறைவு. பச்சையாக மாறும் 5ஆம் பருவத்தில்தான் கன்றை மொட்டையடிக்கும். அதனால் மிச்ச முட்டைகளை இலையோடு கிள்ளி, வீட்டுக் கறிவேப்பிலையிலோ வில்வத்திலோ சேர்த்துவிடுங்கள். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்து பட்ட இலையைத் தின்ற புழு பச்சையாகக் கக்கிச் சுருண்டு செத்துவிடும்.