வலை கொடுத்த பிறகு யார்?

தம்பி: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கம்பெனி சில கிராமங்களுக்குக் கொசு வலை கொடுக்கப் போகிறது. வேறு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். யோசனை சொல்லுங்கள்.

பெரியப்பா: வலையைவிட பேனர் பெரிதாக இருக்கும், பார்.

அண்ணன்: ஹாஹா

அத்தை: கிண்டல் இருக்கட்டும் அண்ணா. தம்பி, எத்தனை வருஷத்துக்குப் பணம்?

தம்பி: இந்த வருஷத்துக்கு மட்டும்தான் அத்தை.

அத்தை: அங்கேதான் இடிக்கிறது. மருந்து ஏற்றிய வலை சுமார் மூன்று வருஷம் உழைக்கும். அப்புறம் கிழியும், மருந்தும் வீரியம் போகும். புது வலை யார் கொடுப்பது?

பெரியப்பா: போட்டோ எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வருவானா? லாபம் இல்லாமல் எந்த முதலாளி இறங்குவான்?

அத்தை: லாபத்துக்காகவே இறங்கட்டுமே! கானாவில் ஒபுவாசி என்று ஒரு தங்கச் சுரங்க ஊர். தொழிலாளிகள் மலேரியாவில் மாறி மாறிப் படுத்தார்கள். சுரங்கக் கம்பெனி ஆங்லோகோல்டு அஷாந்தி 2005 வாக்கில் தானே திட்டம் போட்டு ஆள் வைத்தது. தொழிலாளி வீட்டுச் சுவரில் மட்டும் மருந்தடித்தால் பக்கத்து வீட்டுக் கொசு வராதா? அதனால் ஊர் முழுக்க அடித்தார்கள். சில வருஷத்திலேயே நோய் முக்கால்வாசி குறைந்தது.

அண்ணன்: அது சுரங்கம் இருக்கிற ஊர். இல்லாத ஊருக்கு?

அத்தை: ஆற்றுக் குருட்டுநோய் கேள்விப்பட்டிருக்கிறாயா? ஆற்றோரக் கருப்பு ஈ கடித்துப் பரவும் புழு. அதற்கான ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் வரை, தேவைப்படும் அளவு இலவசமாகத் தருவதாக மெர்க் கம்பெனி 1987-ல் அறிவித்தது. மாத்திரை குஞ்சுப் புழுக்களைத்தான் கொல்லும். தாய்ப்புழு உடம்பில் பத்துப் பதினைந்து வருஷம் கிடக்கும். ஒரு முகாம் போட்டு முடிகிற வேலையா அது? வருஷா வருஷம் கொடுத்தாக வேண்டும்.

பெரியப்பா: சரி, அந்தக் காட்டுக்குள் மாத்திரையை யார் கொண்டுபோனது? கம்பெனிக்காரனா?

அத்தை: ஊர்க்காரர்களேதான். ஊர் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கும். எடை பார்க்கத் தராசுக்கு எங்கே போவது? ஒரு அளவுகோலை நட்டு, பக்கத்தில் ஆளை நிறுத்துவார்கள். தலை எந்தக் கோட்டில் வருகிறதோ, அதற்கேற்ற மாத்திரை. முதல் கோட்டை எட்டாத பிள்ளைக்குக் கிடையாது. கொடுத்ததும் நோட்டில் பெயர். கொலம்பியா 2013-லேயே அந்த நோயிலிருந்து விடுபட்டது. ஆப்பிரிக்காவில் முதலில் விடுபட்டது நைஜர், அதுவும் 2025-ல்தான்.

பெரியப்பா: ம்ம். ஆனாலும் எல்லாம் கம்பெனியே செய்தால் அரசாங்கம் எதற்கு?

அத்தை: நானும் தனியாகச் செய்யச் சொல்லவில்லையே. சுகாதார நிலையத்துக் கணக்கில் சேராத வலை எந்த வீட்டில் இருக்கிறது என்றே பிறகு தெரியாது. அவர்கள் பட்டியலை வாங்கி, அதன்படி கொடுக்கட்டும்.

தம்பி: அப்போ வலையைக் குறைத்து, பணத்தை மூன்று வருஷத்துக்குப் பிரிக்கச் சொல்லட்டுமா?

அத்தை: வீட்டுக்கு வீடு குறைக்காதே. இரண்டு பேருக்கு ஒரு வலை என்று கணக்கு. ஒரு ஊரில் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தால் முழுப் பிரயோஜனம் இருக்காது. ஊர்களைக் குறை.

தம்பி: சரி அத்தை, நாளைக் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணன்: மூன்றாம் வருஷப் பணத்தை எழுத்தில் வாங்கிவிடு.